மூணாவது தண்ணி

ஐப்பசி 9, செவ்வாய். விடியலேர்ந்து மழை.

இல்லடா, நீ சொல்றது தப்பு. டீன்னா பால் ஊத்தணும். பால் ஊத்தாத டீக்கு நம்ம ஊர்ல வேற பேரு, கழனித் தண்ணி. சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு போன்ல கத்துனா ஆச்சா? "அப்பா, கெடுத்துட்டீங்களேப்பா"ங்கிறான். நான் என்னத்தடா கெடுத்தேன்? எப்படிப் போடணும்னு டப்பால எழுதியிருக்காம். எழுதியிருக்கிறது சீன எழுத்து. ஒண்ணு நண்டு மாதிரி, ஒண்ணு வேலிப்படல் மாதிரி. நான் படிச்சதே அஞ்சாங்கிளாசு, அதுலயும் பாதி நாள் ஆத்துல கெடந்தேன். நீ சொல்லிக் குடுத்துல்ல அனுப்பியிருக்கணும்? சொல்லலாம்னு வாயத் தொறந்தா போனை வச்சுட்டான். சரி, நோட்டுகிட்ட சொல்லிக்கிறேன். இது ஒண்ணுதான் எதுத்துப் பேசாது.

நடந்தது இதான். அவன் மொதலாளியம்மாவோட தாயாருக்கும் இவன் அம்மா காமாட்சிக்கு வந்த மாதிரியே தொண்டையில கட்டியாம். கடைசி வரைக்கும் வாயில நின்னது இந்த டீ ஒண்ணுதானாம். அதான் ஊருக்கு வந்த கூட்டாளி கையில ஒரு டப்பா குடுத்து விட்டான். தொறந்தா ஆட்டுப் புழுக்க. பச்சையா, கறுப்பா, உருண்டை உருண்டையா. ஒரு கை அள்ளிப் போட்டு, பால் ஊத்தி, இஞ்சி தட்டி, சீனி போட்டு மூணு கொதி விட்டேன். கொதிக்கக் கொதிக்க ஒவ்வொரு புழுக்கையும் பிரிஞ்சு முழு எலையா வருது. சட்டி நெறைய கீர. காமாட்சிகிட்ட குடுத்தேன். ஒரு வாய் குடிச்சா. துப்புனா.

"இதுவும் இரும்புங்க."

தொண்டைக் கட்டிக்குக் கரண்டு வச்சதுலேர்ந்து அவளுக்கு எல்லாம் இரும்பு. சோறு இரும்பு, மோர் இரும்பு, தண்ணி துருப்புடிச்ச இரும்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரில முப்பத்தஞ்சு நாள் வச்சாங்க. கட்டி கரைஞ்சிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாக்கும் கூடவே கரைஞ்சிருச்சுன்னு அவங்க சொல்லல.

இன்னிக்குச் சாப்பாடு: கஞ்சி 2 ஸ்பூன் (வெளிய வந்துருச்சு). எளநி அர டம்ளர். ஆஸ்பத்திரி மாவு, சத்து மாவுன்னு குடுத்தது, ஐஸ்கிரீம் வாசம் - மோந்ததுமே கொமட்டல்.

22ந் தேதி திங்கக்கெழம மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நாப்பது கிலோவுக்குக் கீழ எறங்குனா மூக்கு வழியா கொழாய். போன தடவ 41.


ஐப்பசி 10, புதன். தூறல்.

வயல் பாத்துட்டு வந்தேன். சம்பா நட்டு இருவது நாள்தான், கழுத்தளவு தண்ணி. பயிருக்கு கழுத்து, எனக்கு முட்டி. வடிவாய்க்கால் அடைச்சுக் கெடக்கு. நாலு பேரு சேந்து வெட்டி விட்டோம்.

டீக்கடைல ஒருத்தன், "சிங்காரம் சீனா டீதான் குடிக்கிறாராம்ல, நம்ம கடைக்கெல்லாம் வருவாரா"ன்னான். ஆமாப்பா, நாளைக்குத் தவளக் கறின்னு சொல்லிட்டு வந்தேன்.

மத்தியானம் ஜமால் பாய்க்கு போன் போட்டேன். கூத்தாநல்லூரு. பினாங்குல ஒரு சீனத்து மொதலாளி கடைல இருவத்தி ரெண்டு வருசம் இருந்துட்டு வந்த ஆளு. அர மணி நேரத்துல மழக்கோட்டோட வந்து நிக்கிறான். கைல கைலி மூட்டை. அதுக்குள்ள மூடி போட்ட பீங்கான் கிண்ணம் ஒண்ணு, பச்சப்புள்ளைக்கு மருந்து ஊத்துற பாலாடை அளவுக்குக் குட்டிக் கிண்ணம் மூணு.

நேத்து சட்டியப் பாத்தான். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"பாயசம்."

"சீனத்து மொதலாளி பாத்திருந்தா உன்னையத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பாரு. இது என்ன டீ தெரியுமா? அவங்க அம்மன் பேரு வச்ச டீ. இரும்பு அம்மன்."

கட்டில்லேர்ந்து கா. (காமாட்சிதான்) சொல்றா: "எனக்கு இருக்கிற இரும்பு பத்தாதா பாய்."

மூணு பேரும் சிரிச்சோம். அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு.

பாய் வேலைய ஆரம்பிச்சான். வெறும் வெந்நிய ஊத்திக் கிண்ணத்தச் சுட வச்சான், கொட்டுனான். ஒரு ஸ்பூன் எலை, அவ்வளவுதான். மூடி ஒரு குலுக்கு. தொறந்து என் மூக்குகிட்ட வச்சான். வறுத்த பயறு. அதுக்குப் பின்னாடி என்னமோ ஒண்ணு, ஒளிஞ்சுக்கிட்டு. வெந்நி ஊத்துனான். ஊத்துன வேகத்துல வடிச்சுட்டான்.

"இது மொத தண்ணி. குடிக்கக் கூடாது. எலைய முழிக்க வைக்கிறதுக்கு."

அரிசி களையிற மாதிரிதானே? கொண்டுபோயி மாட்டுத் தொட்டில ஊத்துனேன். மாடு மோந்துச்சு. மொகத்தத் திருப்பிக்கிச்சு. "பாய், கழனி குடிக்கிற மாடே ஒன் அம்மன வேணாங்குது"ன்னேன். "மாடும் உன்ன மாதிரிதான்"னான்.

ரெண்டாவது தண்ணி. பத்து எண்ணிட்டு வடிச்சான். புது வைக்கோல் கலரு. எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. நான் இன்னும் வாயில வைக்கல.

"யாருங்க மனோரஞ்சிதம் பறிச்சது?"

கா. எந்திரிச்சு உக்காந்திருக்கா. மூக்க இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டு. அந்தப் பூவு பழுத்தா தெரு முழுக்க மணக்கும். நம்ம வீட்டுல செடி கெடையாது, தெருவுலயே கெடையாது. பாய் மூணாவது கிண்ணத்துல ஊத்தி, நல்லா ஆற வச்சு அவ கையில குடுத்தான். கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா. துப்பல.

மூணாவது தண்ணி. குடிச்சா. தொண்டையத் தொட்டுப் பாத்துக்கிட்டா. அப்புறம் மெதுவா:

"நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்குங்க. போன பெறகு இனிக்குது."

பாய் மொகத்தத் தொடச்சுக்கிட்டான். புகைன்னான். என்ன புகை? கேஸ் அடுப்பு.


ஐப்பசி 11, வியாழன். வெயில் கொஞ்சம்.

கிண்ணத்த பாய் விட்டுட்டுப் போயிட்டான். "ஒடைச்சே, ஒன் மண்டைய ஒடைப்பேன்."

இன்னிக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து ஒரே எலையில ஏழு தண்ணி வாங்கினோம். எள்ளுக்கு ஒரு தண்ணி, உளுந்துக்கு அதுவும் இல்ல, இந்த எலைக்கு ஏழு.

1 - மாட்டுக்கு. (குடிக்கல. கொண்டுபோயி காட்டுறது மட்டும் விடுறதில்ல.)
2 - மனோரஞ்சிதம். இதுல சண்ட இல்ல.
3 - நெல்லிக்கா. இதுலயும்.
4 - நான் வெண்ணெய்ங்கிறேன். அவ, காய்ச்சுன பால்ல ஆடை கட்டுறப்ப வர்ற வாசங்கிறா. "வெண்ணெய் கண்டவரு பெரிசா"ங்கிறா.
5 - நனஞ்ச கருங்கல்லு. கோயில் குளத்துப் படி. அவ தாழம்பூ மடலோட அடி, வெள்ளையா இருக்கிற எடம்ங்கிறா.
6 - அவலு. கொஞ்சமா.
7 - சூடு மட்டும். அவ இன்னும் என்னமோ இருக்குங்கிறா. எனக்குத் தெரியல. வெத்தல போட்டு வெந்த நாக்கு எனக்கு. அவளுக்குப் போயில. அந்தப் போயிலைய வாங்கிக் குடுத்தது யாரு. சந்தைக்குச் சந்தை, கேக்காமயே. அத எழுத வேணாம்.

பாத்த விசயம்: ஒரு வாய் டீ, ஒரு வாய் கஞ்சி, ஒரு வாய் டீன்னா கஞ்சி உள்ள போவுது. டீ மடை மாதிரி. தொறந்து விடுது. ஆறு வாய் போச்சு.


ஐப்பசி 13, சனி. மழை.

கா.வ உரக்கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கதான் கரண்டு தராசு இருக்கு. மூட்டை வைக்கிற பலகையில ஏறி நின்னா. 40.200.

கடைக்காரர் வேற பக்கம் பாத்தாரு. பக்கத்துல யூரியா மூட்டை. நான், "யூரியா நாப்பத்தஞ்சு கிலோடி. ஒன்னைய விட அதுதான் கனம். அதையே கட்டியிருக்கலாம்"னேன். எப்பயும் திருப்பிக் குடுப்பா. இன்னிக்குக் குடுக்கல. சேலையப் புடிச்சுக்கிட்டு எறங்குனா.

வர்ற வழில, "கொழாய் போட்டா டீ குடிக்க முடியுமாங்க?"

தெரியலன்னேன். தெரியும். ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்டுக்காரம்மாவுக்குப் போட்டிருந்தாங்க. மூக்குல பிளாஸ்திரி, ஊசில ஏத்துறாப்ல கஞ்சிய ஏத்துவாங்க. வாய் சும்மா இருக்கும். அந்தம்மா ஈத் துரத்துற மாதிரி எப்பப் பாத்தாலும் மூக்குகிட்ட கைய வீசிக்கிட்டு இருந்துச்சு. கா. அதையே பாத்துக்கிட்டு இருந்தா, முப்பத்தஞ்சு நாளும்.

டீயில சத்து இல்ல. வாசந்தான். வாசம் தராசுல நிக்காது.

வாங்க: பூச்சி மருந்து, பேட்டரி, கா.வுக்கு தைலம்.


ஐப்பசி 14, ஞாயிறு.

ஆஸ்பத்திரி மாவு டப்பா அப்படியே கெடந்துச்சு. அர ஸ்பூன் எடுத்தேன். மூணாவது தண்ணில கலக்குனேன். ஏன் மூணாவதுன்னா அதத்தான் அவ மிச்சம் வைக்க மாட்டா. பீங்கான்ல ஊத்துனா கலங்கல் தெரியும். எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனேன்.

"ஏன் டம்ளரு?"

"பீங்கான் வழுக்குது. ஒடஞ்சா பாய் என் மண்டைய ஒடைப்பான்."

குடிச்சா. கொஞ்சம் நின்னா. டம்ளரக் காலி பண்ணிட்டா. உள்ள நின்னுச்சு, வாந்தி இல்ல.

சாயங்காலம் முக்கா ஸ்பூன்.


ஐப்பசி 16, செவ்வாய். வெயில்.

நேத்து ரெண்டு ஸ்பூன். இன்னிக்கு மூணு. வாந்தி இல்ல.

வயல்ல தண்ணி வடிஞ்சுருச்சு. பயிர் மஞ்சளா நிக்குது. தேறும்ங்கிறாங்க, தேறாதுங்கிறாங்க.

ரெண்டாவது தண்ணி குடிச்சுட்டு மனோரஞ்சிதம்னா. மூணாவதக் குடிச்சுட்டு டம்ளரக் கீழ வச்சா.

"நெல்லிக்கா வர மாட்டேங்குதுங்க."

"எலை பழசாயிருக்கும்."

"எலை இல்ல. வாயெல்லாம் மாவா ஒட்டுது, கரண்டு வச்ச புதுசுல ஆச்சே அந்த மாதிரி. நாக்கு திரும்பச் செத்துக்கிட்டு வருது போல."

நான் மாட்டப் பாக்கப் போனேன். மாடு நல்லாத்தான் இருந்துச்சு.


ஐப்பசி 18, வியாழன்.

தராசு: 40.700. அர கிலோ ஏறியிருக்கு. உரக்கடைக்காரரு கையக் குடுத்தாரு. எனக்குக் கண்ணுல தண்ணி.

அவளுக்கும் தண்ணி, ஆனா அதுக்கு இல்ல. வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்துகிட்ட உக்காந்துட்டா. "எட ஏறுச்சுல்ல, எதுக்குடி அழுவுற"ன்னேன்.

"ஏறி என்ன பண்ண. நாலு நாளு இருந்துச்சு. நாலே நாளு. காட்டிட்டுப் புடுங்கிக்கிட்டான்."

சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா மாவு நின்னு போவும், மாவு நின்னா எட எறங்கும், எறங்குனா கொழாய். இன்னும் நாலு நாள்தான். திங்கக்கெழம டாக்டரம்மா பாக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். சொன்னா சிரிப்பா. கல்யாணமான மறு மாசம் காப்பில உப்பு போட்டுக் குடுத்தேன், சிரிச்சாளே.

இன்னிக்கு நாலு ஸ்பூன்.

மகன் போன் பண்ணுனான். "அம்மா டீ குடிக்கிறாங்களா?" குடிக்கிறாடா. "புடிச்சிருக்கா?" புடிச்சிருக்குடா.


ஐப்பசி 19, வெள்ளி.

இன்னிக்கு ரெண்டாவது தண்ணியவே வேணாம்னுட்டா. பூ வாசம் இருக்கு, அதப் பாத்துட்டு அடுத்தது இல்லன்னா தாங்க முடியலைங்கிறா. மூணாவத மட்டும் மருந்து மாதிரி மடக்குன்னு குடிச்சுட்டு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

கொடுமை என்னன்னா, அவ ஒடம்பு தேறுது. கன்னத்துல கொஞ்சம் சதை தெரியிற மாதிரி இருக்கு.

நான் மாட்டுக் கொட்டாய்ல எழுதிக்கிட்டிருக்கேன். கூரை ஒழுவுது. நோட்டுல ஒரு சொட்டு. அது மழை.


ஐப்பசி 20, சனி. மழை.

பாய் வந்தான். கா. எப்படி இருக்கான்னு பாக்க. ஏழு தண்ணிக் கதைய அவன்கிட்ட பெருமையா சொல்ல வேண்டியவ, "பாய், போயிருச்சு பாய்"னு கையக் காட்டுனா, வெறுங்கைய.

"என்னம்மா போச்சு?"

"நெல்லிக்கா."

பாய்க்கு வெளங்கல. டப்பாவத் தொறந்து எலைய மோந்தான். நல்லாத்தானே இருக்குன்னான். கிண்ணத்த மோந்தான். அப்புறம் அந்த டம்ளரு. கட்டிலுக்குக் கீழ இருந்துச்சு, அடில ஒரு வாய் மிச்சம். நான் எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துட்டான்.

மோந்தான். ஒரு சொட்டு நாக்குல வச்சான்.

"யோவ். இதுல என்னய்யா ஐஸ்கிரீம் வாசம்?"

என்னையப் பாத்தான். பாய்க்குப் புரிஞ்சிருச்சு. டம்ளர வச்சுட்டு, "வண்டி நனையுது"ன்னு வெளிய போயிட்டான். வந்ததுலேர்ந்து நனஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கா. டம்ளரப் பாத்தா. என்னையப் பாத்தா.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கெழமலேர்ந்து."

"நாக்கு செத்துப் போச்சுன்னு சாமிகிட்ட அழுதேனே. அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கதான்."

"இங்கதான் நின்னீங்க."

நான் என்ன பண்ணுவேன், வாயில வந்தத சொன்னேன். அன்னிக்குக் காப்பில உப்பு போட்டேனே, நீ சிரிச்சியேடின்னேன்.

"அன்னிக்கு ஒரு வாய் குடிச்சதுமே உப்புன்னு சொல்லிட்டீங்க."

சாயங்காலம் கஞ்சி கொண்டு போனேன். மோந்து பாத்தா. வேணாம். எளநிய அவ எதுக்கவே சீவிக் குடுத்தேன். காயத் திருப்பித் திருப்பிப் பாத்தா, ஓட்டை கீட்டை போட்டிருக்கேனான்னு. வச்சுட்டா.


ஐப்பசி 21, ஞாயிறு. மேகம். மழை இல்ல.

பொழுது சாயுது. காலைலேர்ந்து தண்ணி மட்டும், அதையும் அவளே குடத்துல மோந்து. உரக்கடைக்குக் கூப்புட்டேன், வரல. நேத்தும் இன்னிக்கும் எறங்கியிருக்கும். நாளைக்கு ஆறு மணி பஸ்ஸு, மன்னார்குடில மாறணும்.

நாலு மணிக்கு முடிவு பண்ணுனேன். பரண்ல கெடந்த மண்ணெண்ணெய் அடுப்ப நடுக்கூடத்துக்குத் தூக்கிட்டு வந்து அவ கண்ணு முன்னாடி வச்சேன். மாவு டப்பாவ எடுத்து வாசல்ல, அவளுக்குத் தெரியிற எடத்துல, கவுத்துக் கொட்டுனேன். கோழி வந்து மேஞ்சுச்சு. சட்டைக் கையை மடிச்சு விட்டு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனேன், வித்தைக்காரன் மாதிரி. சிரிக்கல.

டம்ளரு இல்ல. பீங்கான். கிண்ணத்தச் சுட வச்சேன், எலை போட்டேன், குலுக்குனேன். நீட்டுனேன். மோந்துக்கல, ஆனா மூக்கு அசைஞ்சுச்சு. நான் பாத்தேன்.

மொத தண்ணி, மாட்டுக்கு எடுத்து வச்சேன்.

ரெண்டாவது. மொதல்ல நான் குடிச்சேன், அவ பாக்க. அப்புறம் அவளுக்கு ஊத்தி ஆற வச்சு முன்னாடி வச்சேன். கிண்ணத்துக்குள்ள அடி தெரியுது, அவ்வளவு தெளிவு. பாத்துக்கிட்டே இருந்தா. எடுக்கல.

"காமாட்சி, நாக்குக்கு ஒண்ணும் இல்லடி. நாக்கு சரியாத்தான் சொல்லுச்சு. பொய் என்னோடது. இதக் குடி. அடுத்தது நெல்லிக்கா வரும். நாளைக்குத் தராசுல..."

"கொழாயே போட்டுரட்டும்."

"இல்லடி..."

"அதுல என்னத்த ஊத்துனாலும் நான் என் நாக்கச் சந்தேகப்பட வேணாம்ல."

கத்தியிருந்தா பரவால்ல. கத்தல. வெல கேக்குற மாதிரி சொன்னா. நான் மூணாவதுக்கு வெந்நி ஊத்துனேன், மூடி மேல கொஞ்சம் சிந்துச்சு. சொல்றதுக்கு இன்னொண்ணு இருந்துச்சு எனக்கு. போயிலை. முப்பது வருசமா சந்தைலேர்ந்து நான் வாங்கியாந்தது. இந்த மாவ மட்டும் சொல்லிட்டு அதச் சொல்லாம விட்டா இதுவும் பாதிப் பொய்தான். எண்ண ஆரம்பிச்சேன், பத்து வரைக்கும், எண்ணிக்கிட்டே சொல்லிரலாம்னு.

"இந்தத் தொண்டைக்கே நான்தான் காமாட்சி, அந்தக் காலத்துலேர்ந்து சந்தைக்குப் போறப்பல்லாம் நான்..."

எண்ணிக்கை ஏழுல நின்னுச்சு. அவ சொவத்தப் புடிச்சு எந்திரிச்சுட்டா.

"அதையும் மாட்டுக்கே ஊத்துங்க"ன்னா. உள்ள போயி பையில ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எடுத்து வைக்கிற சத்தம். நான் மூணாவத வடிக்கவே இல்ல.